பூண்டு மணத்த சுவர்த்துணி

எனக்குக் கோபம் மூக்குக்கு மேலே என்று ஊரில் எல்லோரும் சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். அந்தக் கோபம் இல்லாவிட்டால் நான் நெசவு கற்றிருக்க மாட்டேன். பலபேர் அழகுக்காக ஆசைப்பட்டுக் கைவேலை பழகுவார்கள். நான் ஒரு பாட்டில் பேரிக்காய் ஜாமுக்காகப் பழகினேன்.

சீனாக்காரன் சண்டைக்கு முந்தின வருஷங்கள் அவை. கோடைக்கானலில் எங்கள் சபையில் ஐப்பசி மழை பிடிப்பதற்கு முன்னால் அறுப்புப் பண்டிகை வரும். அவரவர் வீட்டில் முதலில் விளைந்தது, முதலில் ஈன்றது, முதன்முதலாகக் கையால் செய்தது என்று எதையாவது கோயிலுக்குக் கொண்டுவந்து வைக்கவேண்டும். ஆராதனை முடிந்ததும் உபதேசியார் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பிடித்து ஏலம் விடுவார். பரங்கிக்காய், உருளைக்கிழங்கு, சேவல், பிளம்ஸ் கூடை எல்லாம் போகும். எதையாவது யாரும் கேட்காமல் விட்டுவிட்டால், கொண்டுவந்த வீட்டுக்காரர்களே எழுந்து கேட்டுத் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். காணிக்கை கேட்பாரற்றுக் கிடக்கக் கூடாது என்பது வழக்கம். நல்ல வழக்கம்தான், அது அடுத்த வீட்டுக்கு நடக்கிறவரைக்கும்.

அந்த வருஷம் நான் ஜாம் செய்து கொண்டுபோயிருந்தேன். அப்போது நான் ஒரு பள்ளிக்கூட ஹாஸ்டலில் தையல் ரூமில் வேலை பார்த்தேன். பிள்ளைகளின் கிழிந்த சாக்ஸ், பொத்தான் போன கோட்டு, முழங்கை தேய்ந்த சுவெட்டர் எல்லாம் என் கைக்கு வரும். அங்கே சமையல்கட்டில் ஜாம் போடுவதைப் பார்த்துப் பார்த்து எனக்கும் வரும் என்று நினைத்துவிட்டேன். உபதேசியார் பாட்டிலை வெளிச்சத்தில் ஆட்டிக் காட்டினார். அது நன்றாகவே ஆடியது, தண்ணியாக. ஒருத்தர் வாய் திறக்கவில்லை. வீட்டுக்கு வீடு பேரி மரம் நிற்கிற ஊரில் எவன் பேரிக்காய் ஜாம் கேட்பான்? கடைசியில் ஆண்கள் பக்கத்திலிருந்து என் வீட்டுக்காரர் எழுந்து கேட்டார். உபதேசியார் மூன்றுதரம் சொல்லி அதை அவர் கையிலேயே கொடுத்தார். எனக்குப் பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம்போல் இருந்தது.

அதோடு போயிருந்தால் நான் மறந்திருப்பேன். என் வீட்டுக்காரருக்கு ஒரே ஒரு அக்கா. வத்தலக்குண்டில் பலசரக்குக் கடைக்காரருக்கு வாழ்க்கைப்பட்டவர், நான் மதினி என்று கூப்பிடுவேன். வருஷா வருஷம் பண்டிகைக்குத் தவறாமல் பஸ் ஏறி வந்துவிடுவார். வந்து இறங்கியதும் வீட்டுக்குள் கூட நுழைய மாட்டார். வீட்டுக்குக் கீழே சரிவில் படிபடியாக இறங்கும் எங்கள் படித்தோட்டத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் தண்ணீர் வாங்கிக் குடிப்பார். பூண்டுக்கு மண் அணைத்தது பத்தாது, கல்லுக்கட்டு சரிந்து கிடக்கிறது, பேரி மரத்துக்குக் கவாத்து வெட்டவில்லை என்று ஏதாவது ஒரு குற்றம் சொல்லிக்கொண்டே மேலே ஏறி வருவார். தோட்டம் என் மாமனாருடையது. பெண்ணுக்குச் சீர் செய்து அனுப்பியாயிற்று, தோட்டம் மகனுக்கு என்பது ஊர் வழக்கம். அதைப் பற்றி அந்த வீட்டில் யாரும் பேசி நான் கேட்டதில்லை. குற்றம் கண்டுபிடிக்கவே மலையேறி வருகிற நாத்தனார் என்று நான் மட்டும் எனக்குள் கறுவிக்கொள்வேன்.

அன்றைக்கு மத்தியானம் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது மதினி அந்தப் பாட்டிலைக் கையில் எடுத்துச் சாய்த்துப் பார்த்தார்.

“கட்டுனவனே ஏலம் எடுத்த ஜாமுல்ல இது! எனக்கும் கொஞ்சம் ஊத்து, புள்ள.”

ஊத்தச் சொன்னார், கவனியுங்கள். போடச் சொல்லவில்லை. கூடியிருந்தவர்கள் சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. காக்கைக்குத் தன் குஞ்சு பொன்குஞ்சு என்று யாரோ எடுத்துக் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு அந்த வருஷம் முழுக்க நான் என்ன செய்தாலும், குழம்பு வைத்தாலும், சட்டை தைத்தாலும், அதற்கும் என் புருஷன்தான் கிராக்கி என்று ஒரு பேச்சு வந்துவிடும். வத்தலக்குண்டுச் சந்தைக்குப் போய் வருகிறவர்கள் மூலம் மதினி புதிதுபுதிதாகச் சொல்லி அனுப்புவார். நான் மனதுக்குள் ஒரு முடிவு செய்துகொண்டேன். அடுத்த பண்டிகைக்கு என் கையால் செய்த ஒன்று ஏலத்துக்கு வரவேண்டும். அதை என் வீட்டுக்காரர் அல்லாத ஒருத்தர், வாயைத் திறந்து, வேண்டும் என்று கேட்கவேண்டும். வேறு ஒன்றும் எனக்கு வேண்டாம்.

சீசன் முடிந்து ஊர் காலியான நேரத்தில் ஐயரம்மா, அதாவது எங்கள் போதகரின் மனைவி, சபை ஹாலில் சனிக்கிழமை தோறும் பெண்களுக்குக் கைநெசவு வகுப்பு என்று அறிவித்தார்கள். சேலை வேட்டி நெசவு இல்லை. சுவரில் மாட்டுகிற அலங்காரத் துணி. வால் ஹேங்கிங் என்றார்கள். சுவருக்குப் போய் எதற்குத் துணி என்று பாதிப்பேர் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. இந்த ஊரில் எவரும் இதுவரை ஏலத்துக்குக் கொண்டுவராத ஒன்று, பேரி மரம் மாதிரி வீட்டுக்கு வீடு இல்லாத ஒன்று. முதல் சனிக்கிழமையே போய் முன்வரிசையில் உட்கார்ந்துவிட்டேன்.

சொல்லிக்கொடுக்க வந்தது மதுரைப் பக்கத்திலிருந்து ஒரு சின்னப் பெண். கைத்தொழில் படித்துவிட்டு அப்போதுதான் வேலைக்கு வந்திருந்தது. குளிருக்கு இரண்டு சுவெட்டர் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு மூக்கை உறிஞ்சிக்கொண்டே பேசும். என்னைவிட எவ்வளவோ இளையது, என்னை அக்கா என்று கூப்பிடும். நான் டீச்சர் என்றே கூப்பிட்டேன். கற்றுக்கொள்கிற இடத்தில் வயதைப் பார்த்தால் வேலை நடக்காது.

ஆளுக்கு ஒரு மரச்சட்டம் கொடுத்தார்கள். மேலேயும் கீழேயும் வரிசையாக ஆணி. அந்த ஆணிகளில் மேலும் கீழுமாக நூலை இழுத்துக் கட்டினால் அது பாவு. அதற்குக் குறுக்கே ஒரு நூலுக்கு மேல், ஒரு நூலுக்குக் கீழ் என்று கோத்துக்கொண்டு போவது ஊடை. கோத்ததை ஒரு மரச்சீப்பால் அடித்து இறக்கவேண்டும். அவ்வளவுதான் வேலை. சொல்லும்போது அவ்வளவுதான்.

சாக்ஸில் ஓட்டை அடைக்கிறவளுக்கு மேலும் கீழும் கோப்பது புதிதா என்ன என்று நான் ஏகத்துக்கும் வேகமாகப் போனேன். ஒரு சாண் ஏறியதும் பார்த்தால் துணி இடுப்பு சிறுத்துப் போயிருந்தது. இரண்டு பக்கமும் உள்ளே இழுத்துக்கொண்டு உடுக்கை மாதிரி நின்றது. எனக்குச் சுர்ரென்று வந்துவிட்டது. நூல் சரியில்லை, சட்டம் கோணல் என்று சத்தம் போட்டேன். அந்தப் பெண் கோபப்படவில்லை. நூலை நேராக இழுக்காதீர்கள் அக்கா, நடுவில் மலை மாதிரி வளைத்துவிட்டு அப்புறம் சீப்பால் இறக்குங்கள், அதற்கு இடம் கொடுங்கள் என்றது. அது எனக்குப் பட்டென்று பிடிபட்டது. மலையேறுகிற காட்ரோடு எதற்கு வளைந்து வளைந்து ஏறுகிறது? நேராகப் போட்டால் வண்டி ஏறாது. பிரித்துவிட்டு மறுபடி கோத்தேன். இடுப்பு நேரானது. அன்றைக்கு வீட்டுக்கு நான் நடந்த நடையை என் வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, என்ன, ஹாலையே எழுதிக் கொடுத்துவிட்டார்களா என்று கேட்டார்.

வகுப்பில் மற்றவர்கள் கடைக் கம்பளி நூல் வாங்கினார்கள். எனக்கு அது தேவைப்படவில்லை. ஹாஸ்டலில் வருஷக் கடைசியில் பிள்ளைகள் சிறுத்துப்போன சுவெட்டர்களை விட்டுவிட்டுப் போவார்கள். ஒட்டுப்போட முடியாததை எடுத்துக்கொள்ளச் சொல்லி எங்களுக்கே கொடுத்துவிடுவார்கள். என்னிடம் ஒரு பெட்டி நிறைய இருந்தது. பள்ளிக்கூடப் பச்சை, சாம்பல், மெரூன், காப்பிக்கொட்டை நிறம், கிரிக்கெட் ஆடுகிற பிள்ளைகள் போடுகிற வெள்ளை. கீழ்ப் பட்டியில் முடிச்சைக் கண்டுபிடித்து இழுத்தால் சரசரவென்று உருவிக்கொண்டு வரும். உருவுகிற சுகமே தனி சுகம்.

என்ன படம் நெய்வது என்று டீச்சர் கேட்டபோது ஒருத்தி மயில் என்றாள், ஒருத்தி சிலுவை என்றாள். எனக்கு மயிலும் தெரியாது, வரையவும் தெரியாது. எனக்குத் தெரிந்தது என் அடுப்படி ஜன்னல். பாத்திரம் கழுவும்போதெல்லாம் கண்ணுக்கு முன்னால் கிடப்பது அந்தப் படித்தோட்டம். கீழே பச்சை, அதற்கு மேல் ஒரு சாம்பல் வரி, அதுதான் கல்லுக்கட்டு, அதற்கு மேல் கிளறிப்போட்ட மண், மறுபடி சாம்பல், மறுபடி பச்சை. மேலே போகப் போக வெள்ளை, அது மஞ்சு, எங்கள் ஊர்ப் பனிமூட்டம். படி படியாகக் கிடப்பதால் நெசவுக்கும் தோதாக இருந்தது. பாதியில் ஒரு பாவு நூல் அறுந்துபோனது. முடிந்த இடம் புடைத்துக்கொண்டு நின்றது. அதை மறைக்க மெரூனும் காப்பிக்கொட்டையும் கலந்து சுற்றிச் சுற்றிக் கோத்தேன். கோத்து முடித்துப் பார்த்தால், மேல்படி ஓரத்தில் சாய்ந்து நிற்கிற எங்கள் பேரி மரம் அப்படியே நின்றது. நான் நினைத்துச் செய்தது என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டேன். நெசவில் பாதி அப்படித்தான்.

முடித்துச் சட்டத்திலிருந்து அறுத்து எடுத்த அன்று எனக்குத் தலைகால் புரியவில்லை. மேலே ஒரு கம்பைச் சொருகி அடுப்படிச் சுவரில் மாட்டினேன். போகும்போதும் வரும்போதும் பார்த்தேன். வீட்டுக்காரர் சாப்பிட உட்கார்ந்து, சோற்றைப் பிசைந்தபடியே அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். நல்லா இருக்கு என்றோ இல்லை என்றோ சொல்லவில்லை. அவர் வாயிலிருந்து வார்த்தை வாங்குவதற்குப் பாறையில் கிணறு வெட்டலாம்.

அப்புறம் மஞ்சு இறங்கியது. கோடைக்கானல் மஞ்சு கதவைத் தட்டிக்கொண்டு வராது, வீட்டுக்குள்ளே வந்து நிற்கும். உப்பு கசியும், தீப்பெட்டி நமுத்துப்போகும். விடிந்து பார்த்தால் என் தோட்டம் தொங்கிப்போய்க் கிடந்தது. படிகள் எல்லாம் நடுவில் தொப்பை போட்டுவிட்டன. கல்லுக்கட்டு அங்கங்கே பிதுங்கியது. நான் அதைக் கழற்றி மார்போடு அணைத்துக்கொண்டு காலையில் வெள்ளனே டீச்சரின் அறைக்கு ஓடினேன்.

டீச்சர் ஒரு நூலை உருவிப் பார்த்துவிட்டு, அக்கா, இதை அலசி நேராக்காமலா நெய்தீர்கள் என்று கேட்டது. அப்போதுதான் விளங்கியது. சுவெட்டரிலிருந்து உருவின நூல் சுருள் சுருளாக இருக்கும். அதைச் சிப்பமாகச் சுற்றி, வெந்நீரில் அலசி, அடியில் ஒரு பளுவைக் கட்டித் தொங்கவிட்டுச் சுருளை எடுத்த பிறகுதான் நெய்யவேண்டும். நான் சுருளோடு நெய்துவிட்டேன். ஈரம் பட்டதும் ஒவ்வொரு நூலும் சோம்பல் முறித்து நீண்டுகொண்டது. கடை நூல் வாங்கினவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று சும்மாவா சொன்னார்கள்.

பண்டிகைக்கு அதிக நாள் இல்லை. இந்த வருஷம் விட்டுவிடுங்கள், அடுத்த வருஷம் கொடுக்கலாம் என்று டீச்சர் ஆறுதல் சொன்னது. அடுத்த வருஷமா? இன்னொரு வருஷம் மதினியின் வாயில் நான் அகப்பட்டுக் கிடக்கவா? வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்சம் அழுதேன். அழுது முடித்ததும் மொத்தத்தையும் பிரித்தேன். ஒரு நூல் விடாமல் பிரித்தேன். சிப்பம் சிப்பமாகச் சுற்றி, பூந்திக்கொட்டை போட்ட வெந்நீரில் அலசி எடுத்தேன்.

அலசிவிட்டேன், காயப்போடுவது எங்கே? வெளியே வெயில் என்று ஒன்று இருந்ததாகவே யாருக்கும் ஞாபகம் இல்லாத வாரம் அது. எங்கள் வீடுகளில் அடுப்புக்கு மேலே விட்டத்தில் மலைப்பூண்டைத் தாளோடு கத்தை கத்தையாகக் கட்டித் தொங்கவிட்டிருப்போம். புகை பட்டுப் பட்டுக் காய்ந்தால்தான் வருஷம் தாங்கும். வீட்டில் காய்ந்த இடம் அது ஒன்றுதான். நான் நூல் சிப்பங்களையும் பூண்டுக் கத்தைகளுக்கு நடுவே தொங்கவிட்டு, அடியில் ஆளுக்கொரு கல்லைக் கட்டிவிட்டு, சீகை விறகை அணையவிடாமல் எரித்தேன். நூல் நேராகக் காய்ந்து இறங்கியது. கம்பிபோல் வந்தது. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

இரண்டாம் தடவை கை தானாகவே ஓடியது. எந்த இடத்தில் வளைத்துவிட வேண்டும், எந்த இடத்தில் அடித்து இறக்கவேண்டும் என்று விரலுக்கே தெரிந்திருந்தது. ஹாஸ்டல் வேலை முடிந்து வந்து வெளிச்சம் போகிறவரை கோத்தேன். சோறு பொங்குகிற வேலையை வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டார். பேரி மரத்தை இந்தத் தடவை உண்மையிலேயே நினைத்து நெய்தேன், அதே சாய்மானத்தோடு. முடித்து எடுத்ததைத் தண்ணீர் தெளித்துப் பார்த்தேன். அசையவில்லை. விறைப்பாக நின்றது. டீச்சர் பார்த்துவிட்டுக் கையைத் தட்டியது. தட்டிவிட்டு மூக்கைச் சுருக்கியது. எப்போதும் சளி பிடித்துக் கிடக்கிற அந்த மூக்குக்கே எட்டிவிட்டது.

“அக்கா, பூண்டு வாசம் வருது.”

எனக்கு வரவில்லை. அந்த வாசத்திலேயே குடியிருக்கிறவளுக்கு எப்படி வரும்? ஐயரம்மாவிடம் கொடுத்து மோந்து பார்க்கச் சொன்னேன். பூண்டும் புகையும் என்று அவர்களும் சொன்னார்கள். யூகலிப்டஸ் இலைக்குள் சுற்றி வைத்தேன். காற்றில் உலர்த்தினேன். பூண்டோடு யூகலிப்டஸும் சேர்ந்துகொண்டதுதான் மிச்சம். ஆனது ஆகட்டும் என்று விட்டுவிட்டேன். பயம் மட்டும் விடவில்லை. அழகு சாமான் என்று கொண்டுபோய், ரசம் மணக்கிற அழகு சாமானை யார் கேட்பார்கள்?

பண்டிகைக்கு முந்தின நாள் மதினி வந்து இறங்கினார். வழக்கம்போல முதலில் தோட்டத்தைச் சுற்றினார். அந்தத் தடவை பேரி மரத்தடியில் வெகுநேரம் நின்றார் என்று பிற்பாடுதான் எனக்கு ஞாபகம் வந்தது. மேலே வந்ததும் கேட்ட முதல் கேள்வி, இந்த வருஷம் உன் சரக்கை எடுக்க என் தம்பி துட்டுச் சேர்த்துவிட்டானா என்பது. துணியை நான் அவர் கண்ணில் காட்டவில்லை. பழைய சேலையில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்துவிட்டேன்.

அவர் குளிக்கப் போன நேரம் பார்த்து வீட்டுக்காரரிடம் சத்தியம் வாங்கினேன்.

“என்னங்க, நாளைக்கு நீங்க வாயத் தொறக்கக் கூடாது. கேட்பாரில்லாம கெடந்தா கெடக்கட்டும். வேற ஒருத்தர் கேட்டப்புறம் வேணும்னா நீங்க என்னமும் செய்ங்க.”

அவர் தலையை ஆட்டினார். தலையை ஆட்டினால் அவர் சொன்ன சொல் மாற மாட்டார், அதற்காகத்தான் அவரைக் கட்டிக்கொண்டு குடித்தனம் நடத்துகிறேன்.

மறுநாள் கோயில் நிறைந்திருந்தது. ஆராதனை முடிந்து ஏலம் தொடங்கியது. கோழி போனது, கோஸ் போனது, பெரும்பாறையிலிருந்து யாரோ கொண்டுவந்த ஆரஞ்சு போனது. பிறகு உபதேசியார் என் துணியை எடுத்து விரித்துப் பிடித்தார். இது என்ன, ஜமுக்காளமா என்று ஆண்கள் பக்கத்தில் ஒரு குரல் கேட்டது. சுவரில் மாட்டுகிற துணி, நம்ம சபை அம்மா கையால் நெய்தது என்று உபதேசியார் சொன்னார். சொல்லும்போதே முகத்தைத் திருப்பிக் கனைத்துக்கொண்டு, கொஞ்சம் பூண்டு மணம் இலவசம் என்றும் சேர்த்துக்கொண்டார். கோயிலே சிரித்தது. சிரித்து ஓய்ந்த பிறகு வந்த மௌனம் இருக்கிறதே, அதற்குப் போன வருஷத்து மௌனம் தேவலை. நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் குனிந்து தன் கால்விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார். சொன்ன சொல்லைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார், பாவி மனுஷன்.

தொட்டுப் பார்த்துவிட்டுக் கேளுங்கள் என்று உபதேசியார் துணியைப் பெண்கள் பக்கம் முதல் வரிசையில் கொடுத்தார். கை மாறிக் கை மாறி வந்தது. ஒருத்தி விரலால் சுரண்டிப் பார்த்தாள், ஒருத்தி மோந்து பார்த்துவிட்டு முக்காட்டுக்குள் சிரித்தாள். எனக்கு முன் வரிசையில் மதினி உட்கார்ந்திருந்தார். அவர் கைக்குப் போனதும் நான் கண்ணை மூடிக்கொண்டேன். இனி ஊத்து என்பாரோ, தாளிக்கிறாயா என்பாரோ. ஒன்றும் வரவில்லை. கண்ணைத் திறந்தேன். மதினி அதை மடியில் விரித்துவைத்து, மேல்படியில் இருந்த அந்தச் சாய்ந்த மரத்தை ஒற்றை விரலால் தடவிக்கொண்டிருந்தார். பிறகு அதை அப்படியே தூக்கி முகத்தில் வைத்துக்கொண்டார். பக்கத்தில் இருந்தவள் அடுத்து வாங்கக் கை நீட்டினாள். மதினி கொடுக்கவில்லை. முகத்திலிருந்து எடுக்காமலே ஏலம் கேட்டார்.

கேட்டுவிட்டார்! என் வீட்டுக்காரர் அல்லாத ஒருத்தர். வாயைத் திறந்து. அதுவும் யார்? எவ்வளவுக்குக் கேட்டார் என்று நான் எழுதப்போவதில்லை, அது கோயில் கணக்கு. ஒருதரம் என்று உபதேசியார் தொடங்கியதும் ஆண்கள் பக்கத்திலிருந்து இன்னொரு குரல் அதற்கு மேல் கேட்டது. என் வீட்டுக்காரர்! நான் திரும்பி முறைத்த முறைப்பில் இன்னொருத்தராக இருந்தால் உட்கார்ந்திருப்பார். அவர் என்னைப் பார்த்து, வேறு ஆள் கேட்ட பிறகுதானே கேட்கிறேன் என்பதுபோல் கையை விரித்தார். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவர் எனக்காகக் கேட்கவில்லை. அவருக்கு அது வேண்டியிருந்தது. சோற்றைப் பிசைந்துகொண்டு சுவரைப் பார்த்த பார்வை அதுதான்.

மதினி ஏற்றினார். தம்பி ஏற்றினார். மதினி மறுபடி ஏற்றினார். அக்காளும் தம்பியும் ஆட்டுக்கிடாய்போல் முட்டிக்கொள்வதைப் பார்த்துக் கோயிலில் எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். உபதேசியாருக்குத் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பவே நேரம் சரியாக இருந்தது. நான் நடுவில் உட்கார்ந்திருந்தேன். என் கைவேலைக்கு, பூண்டு மணக்கிற என் கைவேலைக்கு, சண்டை நடக்கிறது. கர்வப்படக் கூடாது என்று அன்றைக்குத்தான் போதகர் பிரசங்கம் செய்திருந்தார். நான் கர்வப்பட்டேன். நன்றாக நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டு கர்வப்பட்டேன்.

மூன்றாம் முறை தம்பி ஏற்றியதும் மதினி அதற்கும் மேலே கேட்டுவிட்டு எழுந்து நின்றார். ஆண்கள் பக்கம் திரும்பினார். குரலை உயர்த்தவில்லை.

“தம்பி, தோட்டம் ஒங்கிட்ட இருக்கு. நான் என்னிக்காச்சும் கேட்டிருக்கனா? இது எனக்கு இருக்கட்டும்டா.”

சிரிப்பு நின்றுபோனது. என் வீட்டுக்காரர் அக்காவைப் பார்த்தார். பிறகு உட்கார்ந்துவிட்டார். உபதேசியார் மெதுவாக ஒருதரம், இரண்டுதரம், மூன்றுதரம் சொன்னார். மதினி துணியைச் சுருட்டி முந்தானைக்குள் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். வருஷா வருஷம் ஏன் தண்ணீர்கூடக் குடிக்காமல் தோட்டத்தைச் சுற்றினார் என்று எனக்கு அந்த இடத்தில்தான் உறைத்தது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

சாயங்காலம் மதினியைப் பஸ் ஏற்றிவிட்டு வீட்டுக்கு நடந்து வந்தோம். பாதி வழியில் வீட்டுக்காரர், எனக்கு ஒன்று நெய்து கொடு என்றார். அடுத்த வருஷம் ஏலத்தில் வந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர் சிரித்தார். ஆனால் அந்த வருஷம் பூண்டு வெட்டினபோது, மேல் இரண்டு படியில் விளைந்ததைத் தனியாகக் கட்டி வத்தலக்குண்டு பஸ்ஸில் போட்டு அனுப்பினார். அதற்கு அடுத்த வருஷமும் அனுப்பினார்.

தை பிறந்து ஒரு நாள் சந்தைக்குப் போனபோது மதினி வீட்டுக்குப் போனேன். கூடத்தில், வாசலில் நுழைந்ததும் கண்ணில் படுகிற சுவரில் என் துணி தொங்கியது. கீழ்நாட்டு வெக்கையில் ஒரு இம்மிகூடத் தளரவில்லை. பக்கத்து ஆணியில் நாங்கள் அனுப்பின பூண்டிலிருந்து ஒரு கத்தையைத் தொங்கவிட்டிருந்தார், துணியை உரசிக்கொண்டு. மணம் போய்விடாமல் இருப்பதற்காம்.

நான் இருக்கும்போதே அடுத்த வீட்டு அம்மா ஒருத்தி மோர் வாங்க வந்தாள். வந்தவள் அதை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, எந்தக் கடையில் வாங்கினீர்கள் என்று கேட்டாள். மதினி மோர்ச் சட்டியைக் கீழே வைத்தார். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு என்னைக் காட்டினார்.

“கடையில எங்க கெடைக்கும்? எங்க தம்பி பொண்டாட்டி நெய்ஞ்சது. கட்டுனவனே கேட்டும் கெடைக்காத சாமான் இது.”